நூற்றுப் பதினெட்டின் ஜாதகம்

இந்தப் பக்கத்தில் வழக்கமாக நான் எழுதுவது பழைய பாண்டிச்சேரிக் கதைகள். பெரும்பாலும் ஆபீஸ் கதைகள், அல்லது பள்ளிக்கூடக் கதைகள். இந்த முறை ரசாயனம். பயந்துவிட வேண்டாம். எனக்கே பள்ளிக்கூடத்தோடு ரசாயனம் முடிந்துவிட்டது. அதையும் பிரெஞ்சில் படித்தவன். நைட்ரஜனை எங்களுக்கு 'அஸோத்' என்றுதான் சொல்லிக் கொடுத்தார்கள். தமிழில் ஒழுங்காக எழுதப் பழகியதே உத்தியோகத்துக்கு வந்த பிறகு. ஒற்று எங்கே மிகும், எங்கே மிகாது என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடாத சங்கதி. தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற என் தங்கை எங்களோடுதான் இருக்கிறாள். அவள் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்த பிறகே எதுவும் இங்கே ஏறும்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. பேத்தி பிளஸ் ஒன் சேர்ந்ததும் கூடத்துச் சுவரில் தனிமங்களின் அட்டவணையை ஒட்டி வைத்தாள். கட்டம் கட்டமாக, கலர் கலராக, 118 கட்டங்கள். கடற்கரைச் சாலையில் காலை நடை முடிந்து காபிக்காக வீட்டுக்கு வந்த நண்பர் ஒருவர் அதன் முன்னால் நின்றுவிட்டார். அவரும் என்னைப் போல அரசு உத்தியோகத்தில் இருந்தவர், கணக்குப் பிரிவு. ஜோசியத்தில் நம்பிக்கை மட்டும் இல்லை, கட்டம் போடவே தெரியும்.

"இந்தக் கடைசிக் கட்டம் என்ன சார், சாம்பல் கலர்ல இருக்கு?"

பேத்திதான் பதில் சொன்னாள். "அது ஒகனெசான் தாத்தா. 118. இதுவரைக்கும் மொத்தமே அஞ்சாறு அணுதான் செஞ்சிருக்காங்க. அரை ஆயுள் ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு கூட இல்ல."

"அப்புறம் ஏன் உருகுநிலை ஐம்பத்திரண்டு டிகிரின்னு போட்டிருக்கு?"

"அது கணிப்பு."

நண்பர் என் பக்கம் திரும்பினார். "பார்த்தீங்களா சார். கண்ணால யாரும் பார்க்கல. உருக்கிப் பார்க்க ஒரு கடுகளவு கூட இல்ல. பொறந்த உடனே போயிடுது. அதுக்கு எத்தனை டிகிரியில உருகும்னு எழுதறான். இதை சயன்ஸுங்கறீங்க. நான் பன்னெண்டு கட்டம் போட்டுச் சொன்னா மூடநம்பிக்கைங்கறீங்க. அதுவும் கட்டம்தான், இதுவும் கட்டம்தான்."

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் அவர் போன பிறகு அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஜோசியத்தின் மேல் எனக்குச் சொந்தமாக ஒரு பாக்கி உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். ஒரு மாதமாகப் பேத்தி இன்டர்நெட்டில் எடுத்துக் கொடுப்பதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன்.

முதலில், பார்க்காத ஒன்று பிறந்தது என்று எப்படித் தெரியும்? இது எனக்குச் சுலபமாகப் புரிந்துவிட்டது. காரணம், நான் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவில் எட்டு வருஷம் உட்கார்ந்தவன். மாஸ்கோவுக்கு வடக்கே வோல்கா நதிக்கரையில் துப்னா என்று ஓர் ஊர். அங்கே இருக்கும் ஆய்வகத்தில், அமெரிக்காவின் லிவர்மோர் ஆய்வகத்தாரோடு சேர்ந்து, கலிஃபோர்னியம் என்ற உலோகத்தின் மேல் கால்சியம் அணுக்கருக்களை ஒளியின் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு வேகத்தில் வாரக்கணக்காக, மாதக்கணக்காக அடித்தார்கள். கால்சியத்தின் எண் 20. கலிஃபோர்னியத்தின் எண் 98. இரண்டும் ஒட்டினால் 118. கோடானுகோடி மோதலில் என்றைக்கோ ஒன்று ஒட்டும். ஒட்டிய அணுவையும் யாரும் பார்ப்பதில்லை. அது ஓர் ஆல்ஃபாத் துகளை உமிழ்ந்துவிட்டு 116 ஆகும். இன்னொன்றை உமிழ்ந்து 114. கடைசியில் இரண்டாகப் பிளந்துபோகும். எந்த இடத்தில், எந்த நொடியில், எவ்வளவு ஆற்றலோடு என்று கருவி குறித்துக்கொள்கிறது. ஒரே இடத்தில் அடுத்தடுத்து விழுந்த இந்தச் சாவுப் பதிவுகளைக் கோர்த்துப் பின்னோக்கிப் போனால், ஆரம்பத்தில் இருந்தது 118 என்று தெரியும். அதாவது இறப்புச் சான்றிதழை வைத்துப் பிறப்பை ஊர்ஜிதம் செய்கிறார்கள். எங்கள் பிரிவிலும் அப்படி நடந்ததுண்டு. பிறந்ததைப் பதியாமல் விட்டிருப்பார்கள். குழந்தை தவறிய பிறகு இரண்டையும் சேர்த்து எழுத வேண்டியிருக்கும். ஒரே பேனா, ஒரே தேதி.

2006-இல் அறிவித்தார்கள். 2016-இல் பெயர் வந்தது. அந்த வேலைக்குத் தலைமை தாங்கிய யூரி ஒகனெஸியன் என்பவரின் பெயர். உயிரோடு இருக்கும்போதே ஒரு தனிமத்துக்கு அதிகாரபூர்வமாகப் பெயராகும் பாக்கியம் அதற்கு முன் அமெரிக்காவின் சீபோர்குக்கு மட்டும்தான் கிடைத்திருக்கிறது.

சரி, பிறந்தது தெரிந்துவிட்டது. குணம் எப்படித் தெரியும்?

பழைய வழி, கட்டத்தைப் பார்த்துச் சொல்வது. மேலிருந்து கீழே ஒரே நிரையில் இருப்பவை ஒரே குடும்பம். ரஷ்யாவின் மெந்தலேயெவ் 1869-இல் அட்டவணை போட்டபோது சில கட்டங்களைக் காலியாக விட்டார். அங்கே இன்னின்ன குணத்தோடு ஒன்று இருந்தாக வேண்டும் என்று 1871-இல் எழுதியும் வைத்தார். எங்கள் பௌதிக ரசாயன மிசியே இந்தக் கதையைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் முகம் சுளிப்பார். காரணம், காலி இடத்தில் முதலில் வந்து உட்கார்ந்த காலியத்தை 1875-இல் கண்டுபிடித்தவர் பிரெஞ்சுக்காரர், லெகோக் த புவாபோத்ரான். அவர் அடர்த்தியை அளந்து 4.7 என்று வெளியிட்டார். அதைத் தன் கண்ணால் பார்த்தே இராத மெந்தலேயெவ், 5.9 இருக்க வேண்டும், சரியாகச் சுத்தம் செய்து மறுபடி அளந்து பாருங்கள் என்று எழுதினார். அளந்தால் 5.9. பதினொரு வருஷம் கழித்து ஜெர்மனியில் ஜெர்மானியம் கிடைத்தது. அதற்கு அவர் சொல்லியிருந்த அடர்த்தி 5.5, கிடைத்தது 5.35.

மிசியேவுக்குப் பிடித்த கட்டம் 87. ஃப்ரான்சியம். பெயரிலேயே பிரான்ஸ். மேரி கியூரியிடம் உதவியாளராகச் சேர்ந்த மார்கரித் பெரே என்ற பெண் 1939-இல் கண்டுபிடித்தது. பட்டம் எதுவும் அப்போது கிடையாது, ஆய்வகத்தில் பொருள்களைச் சுத்தம் செய்து தயாரித்துக் கொடுக்கும் வேலை. ஆக்டினியத்தைச் சுத்தம் செய்தவுடனேயே அதில் கணக்கில் வராத ஒரு கதிர்வீச்சு ஏறுவதைக் கவனித்தார். அது எந்தத் தனிமம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? அவர் செய்தது கட்டத்தை நம்பி ஒரு காரியம். அந்தக் கட்டத்துக்கு மேல் வீட்டுக்காரன் சீசியம். கரைசலில் சீசிய உப்பைக் கலந்து, சீசியத்தைத் திடப்பொருளாகப் படிய வைத்தார். அந்தக் கதிர்வீச்சும் சீசியத்தின் பின்னாலேயே போய்ச் சேர்ந்துகொண்டது. அண்ணன் எந்தப் பஸ்ஸில் ஏறினானோ அதில் தம்பியும் ஏறுவான் என்கிற மாதிரி. ஃப்ரான்சியத்தில் அதிக நேரம் நிற்பதற்கே அரை ஆயுள் 22 நிமிஷம்தான். 1911-இல் மேரி கியூரியையே உள்ளே விடாத பிரெஞ்சு அறிவியல் அகாடமி, 1962-இல் பெரேயை உறுப்பினராக்கியது. அங்கே தேர்வான முதல் பெண்மணி அவர்.

மிசியே ஒருநாள் வகுப்பில் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் ஒரு மொச்சையளவு சோடியம் போட்டுக் காட்டினார். சீறிக்கொண்டு தண்ணீர் மேல் ஓடியது. பொட்டாசியம் போட்டால் தீயே பிடிக்கும் என்றார். ருபீடியம் அதைவிட, சீசியம் அதைவிட. கீழே போகப் போக முரடு. ஆகவே எல்லாவற்றுக்கும் கீழே இருக்கும் ஃப்ரான்சியம்தான் உலகத்திலேயே முரடு. நான் அதைக் காப்பியில் எழுதிக்கொண்டேன். போன மாதம்வரை நம்பிக்கொண்டும் இருந்தேன்.

அது தப்பு. வெளி எலெக்ட்ரானை எவ்வளவு சுலபமாக விட்டுக்கொடுக்கிறது என்பதுதான் இந்தக் குடும்பத்தின் முரட்டுத்தனத்துக்கு அளவு. சீசியத்திடமிருந்து அதைப் பறிக்க 3.89 எலெக்ட்ரான் வோல்ட் போதும். ஃப்ரான்சியத்துக்கு 4.07 வேண்டும். கடைசித் தம்பி அண்ணனைவிட இறுக்கமானவன். குடும்ப வழக்கம் அங்கே உடைந்துவிட்டது.

ஏன் உடைந்தது என்பதில்தான் நண்பருடைய கேள்விக்குப் பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அணு எண் ஏற ஏற, நடுவில் இருக்கும் கருவின் இழுப்பு கூடுகிறது. இழுப்பு கூடினால் பக்கத்தில் இருக்கும் எலெக்ட்ரான் வேகமாகச் சுற்றினால்தான் பிழைக்கும். எவ்வளவு வேகம் என்பதற்கு ஒரு குமாஸ்தாக் கணக்கு இருக்கிறது: அணு எண்ணை 137-ஆல் வகுத்தால், உள்வட்டத்து எலெக்ட்ரானின் வேகம் ஒளியின் வேகத்தில் எத்தனை பங்கு என்பது ஏறக்குறைய வந்துவிடும். பாதரசம் 80. எண்பதை 137-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 58. ஒகனெசானுக்கு 86. இந்த வேகத்தில் 1905-இல் ஐன்ஸ்டீன் சொன்னது குறுக்கே வருகிறது. எலெக்ட்ரானின் எடை கூடிவிட்ட மாதிரி கணக்குப் பார்க்க வேண்டும், வட்டம் சுருங்கும். சில எலெக்ட்ரான்கள் இப்படி உள்ளே இறுகும்போது, அவை கருவை மறைத்துக்கொள்வதால் வேறு சில தளர்ந்து வெளியே போகும். எலெக்ட்ரான்களுக்கு இந்தக் கணக்கைச் செய்யும் சமன்பாட்டை எழுதியவர் டிராக். அவரே 1929-இல், அணுக்கள், மூலக்கூறுகளின் அமைப்பைப் பொறுத்தவரை இந்த விளைவுக்கு முக்கியத்துவம் இல்லை என்று எழுதிவிட்டார். அவரும் தப்பு. எனக்கு இதில் ஒரு சின்ன ஆறுதல்.

தங்கம் மஞ்சளாக இருப்பதற்கு இதுதான் காரணமாம். இந்த இறுக்கமும் தளர்ச்சியும் இல்லாவிட்டால் அதே நிரையில் மேலே இருக்கும் வெள்ளியைப் போல வெளுத்துத்தான் இருக்கும். நம் ஊர்க் கல்யாணங்களை நினைத்துப் பாருங்கள். பாதரசம் தன் வெளி எலெக்ட்ரான்கள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்து அணுவோடு பங்கு போடாது. அதனால்தான் உலோகமாக இருந்தும் ஓடுகிறது. இன்னொன்று, இதைப் படித்த அன்று மின்சாரம் போயிருந்தது. மாடிப்படிக்குக் கீழே இருக்கும் இன்வெர்ட்டர் பேட்டரி காரீயம். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் இருக்கும் விஞ்ஞானிகள் 2011-இல் கணக்குப் போட்டுக் காட்டியது: அந்தப் பன்னிரண்டு வோல்ட்டில் ஏறக்குறைய பத்து வோல்ட் இந்த ஐன்ஸ்டீன் விளைவால் வருவது. அதே நிரையில் காரீயத்துக்கு நேர் மேலே இருப்பது வெள்ளீயம். அதில் ஏன் இப்படி ஒரு பேட்டரி வரவில்லை என்பதும் அதோடு விளங்கிவிட்டது. என் தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. ஆறில் ஐந்து பங்கு ஐன்ஸ்டீன் என்று தங்கையிடம் சொன்னேன். பில்லில் ஆறில் ஐந்து பங்கை அவரே கட்டுவாரா என்று கேட்டாள்.

ஆக, வெறும் கட்டத்தைப் பார்த்துச் சொல்வது கீழே போகப் போகச் செல்லாது. கணக்குப் போட வேண்டும். டிராக்கின் சமன்பாட்டை வைத்துக்கொண்டு, 118 எலெக்ட்ரான்களும் ஒன்றையொன்று தள்ளுவதையும் சேர்த்து, கம்ப்யூட்டரில் போடுகிறார்கள். ஓர் அணுவுக்குப் போட்டு, பிறகு இரண்டு அணுக்கள் பக்கத்தில் வந்தால் எவ்வளவு ஒட்டும் என்று போட்டு, பிறகு ஏராளமானவை ஒரு கட்டியாக இருந்தால் எந்தச் சூட்டில் கட்டி குலையும் என்று போட்டு, அப்படி வருவதுதான் அந்த உருகுநிலை. உத்தேச மதிப்பீடு. கட்டி ஒன்று இருந்தால் என்னும் நிபந்தனையோடு.

இதை நண்பரிடம் சொன்னபோது, "நாங்களும் கணக்குத்தான் போடறோம் சார், பஞ்சாங்கத்தை வெச்சு" என்றார். நியாயமான பதில்தான். ஆனால் நியூசிலாந்தில் இந்தக் கணக்கைப் போடுகிறவர்கள் முதலில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். புதிதாகப் பிறந்ததற்குப் போடவில்லை. எல்லோர் கையிலும் இருக்கும் பாதரசத்துக்குப் போட்டார்கள், 2013-இல். ஐன்ஸ்டீன் விளைவைச் சேர்க்காமல் போட்டால் பாதரசம் 82 டிகிரியில்தான் உருகும் என்று வந்தது. அதாவது நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் கம்பியாக நின்றிருக்கும். விளைவைச் சேர்த்துப் போட்டால் பூஜ்யத்துக்குக் கீழே 23 டிகிரி. உண்மையில் அது உருகுவது பூஜ்யத்துக்குக் கீழே 39 டிகிரியில். அப்படியும் 16 டிகிரி பிசகு. அந்தப் பிசகையும் மறைக்காமல் போட்டுத்தான் வெளியிட்டார்கள்.

அதன் பிறகு பாதரசத்துக்கு நேர் கீழே இருக்கும் 112, கோபர்னிசியம். 2019-இல் போட்ட கணக்குப்படி உருகுநிலை 10 டிகிரி, கூடக் குறைய 11. கொதிநிலை 67 டிகிரி, கூடக் குறைய 10. ஒகனெசானுக்கு 2020-இல். உருகுநிலை 52 டிகிரி, கூடக் குறைய 15. குடும்பத்தில் ஹீலியம், நியான், ஆர்கான் என்று அத்தனை பேரும் வாயு; எதனோடும் எளிதில் ஒட்டாத மந்த வாயுக்கள். கடைசிப் பிள்ளை மட்டும் அறை வெப்பத்தில் திடப்பொருள் என்கிறது கணக்கு. நம் ஊர்க் கத்திரி வெயிலில்கூட உருகாது. வெளி எலெக்ட்ரான்கள் தளர்ந்து பரவிக் கிடப்பதால் பக்கத்து அணுவோடு ஒட்டிக்கொள்ளும். மேலே இருப்பவர்கள் யாரும் செய்யாத இன்னொரு வேலையும் செய்யும்: வெளியிலிருந்து ஓர் எலெக்ட்ரானைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளும்.

இந்தக் 'கூடக் குறைய' என்ற இரண்டு வார்த்தையை என் எழுபத்தாறு வயதில் எந்த ஜோசியர் வாயிலிருந்தும் நான் கேட்டதில்லை.

கணித்ததோடு விட்டுவிடவும் இல்லை. முடிந்ததையெல்லாம் பிடித்துப் பார்க்கிறார்கள். எப்படி என்றால், இட்லிப் பானை மூடியை நினைத்துக்கொள்ளுங்கள். ஆவி எங்கே போதுமான குளிர்ச்சி கிடைக்கிறதோ அங்கே துளியாக ஒட்டும். இவர்கள் ஒரு குறுகலான பாதை அமைக்கிறார்கள். ஒரு முனை நம் அறைச் சூடு, மறுமுனை பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரிக்குப் பக்கம். உள்ளே ஒரு பக்கம் தங்கப் பூச்சு. பிறந்த அணுவை வாயுவோடு சேர்த்து ஊதி உள்ளே விடுவார்கள். தங்கத்தோடு நன்றாக ஒட்டும் உலோகமாக இருந்தால் ஆரம்பத்திலேயே இறங்கிவிடும். மந்த வாயுவாக இருந்தால் கடைசிக் குளிர் முனைவரை போகும். எங்கே அழிந்தது என்பது தெரிவதால் எங்கே ஒட்டியது என்பதும் தெரியும். இங்கேயும் இறப்புப் பதிவுதான் சாட்சி.

ஜெர்மனியில் டார்ம்ஸ்டாட் ஊரில் 108-ஆன ஹாசியத்தை இப்படிப் பார்த்தபோது ஏழே ஏழு மூலக்கூறு கிடைத்தது. அது மேலே இருக்கும் ஆஸ்மியத்தைப் போலவே ஆக்ஸிஜனோடு சேர்ந்து ஆவியானது. அங்கே குடும்ப வழக்கம் நின்றது. சுவிட்சர்லாந்துக்காரர்கள் துப்னாவுக்குப் போய்க் கோபர்னிசியத்தைப் பார்த்தார்கள். 2007-இல் வெளியிட்டது இரண்டே அணுக்களை வைத்து. அரை ஆயுள் நாலு நொடிக்குப் பக்கம். கூடவே பாதரசத்தையும் ரேடானையும் ஓட விட்டார்கள், ஒப்பிட்டுப் பார்க்க. கோபர்னிசியம் சுலபமாக ஆவியாகக் கூடியதுதான், ஆனாலும் ரேடான் மாதிரி ஒட்டாமல் போகவில்லை. தங்கத்தோடு உலோகமாகத்தான் ஒட்டியது. ஜப்பானில் தோகாய் என்ற இடத்தில் 103-ஆன லாரென்சியம். அரை ஆயுள் 27 நொடி. அதன் வெளி எலெக்ட்ரானைப் பறிக்க என்ன வேண்டும் என்று அளந்து 2015-இல் வெளியிட்டார்கள். கணக்கு சொன்னது 4.963. அளவு காட்டியது 4.96. ஒவ்வொரு அணுவாகப் பிடித்து எடுத்த அளவு. இந்த வரியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்றால் நம்புவீர்களா தெரியவில்லை.

தப்பாகப் போனதும் உண்டு, அதை விட்டால் நியாயமாக இருக்காது. 1975-இல் பிட்சர் என்ற அமெரிக்கர் 112, 114, 118 மூன்றுமே ஏறக்குறைய மந்த வாயுவாக இருக்கும் என்று சொன்னார். 112 என்ன ஆயிற்று என்று பார்த்தோம். 118-ஐ இப்போது திடப்பொருள் என்கிறார்கள். 114, அதாவது ஃபிளெரோவியம், ஒரு வழக்கே ஆகிவிட்டது. ஒரு குழு சோதித்துப் பார்த்து மந்த வாயு மாதிரி இருக்கிறது என்றது. இன்னொரு குழு, இல்லை, உலோகம் மாதிரி ஒட்டுகிறது என்றது. இரண்டு பக்கமும் கையில் இருந்தது விரல் விட்டு எண்ணக் கூடிய அணுக்கள். 2022-இல் டார்ம்ஸ்டாட்காரர்கள் மறுபடி பார்த்து, உலோகம்தான், ஆனால் மேலே இருக்கும் காரீயத்தைவிட மிகச் சுலபமாக ஆவியாகிற உலோகம் என்றார்கள். ஒகனெசானை மட்டும் இன்னும் எவராலும் சோதிக்க முடியவில்லை. அந்தப் பாதைக்குள் கொண்டுபோவதற்குள் ஆயுள் முடிந்துவிடுகிறது. 52 டிகிரி என்பது சரியா தப்பா என்று நானும் நண்பரும் போவதற்குள் தெரியும் என்று தோன்றவில்லை.

நண்பர் பிடித்துக்கொண்டார். "மாத்தி மாத்திப் பேசறாங்களே சார். நீங்களே சொல்றீங்க."

"ஆமா சார். மாத்தறாங்க."

அவருக்கு நான் அதற்கு மேல் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என் பாக்கியைச் சொல்ல வேண்டியிருக்கும். அவரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

1979-இல் என் தங்கைக்கு ஒரு வரன் வந்தது. அப்பா அதற்கு ஆறு வருஷம் முன்பே போய்விட்டார். வீட்டில் முடிவு எடுக்க வேண்டியவன் நான். பையன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். பெண் பார்த்துவிட்டுப் போனார்கள். இரண்டு பக்கமும் பிடித்திருந்தது. தங்கை வாய் விட்டு ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த வாரம் முழுக்க அடுப்படியில் பாட்டு கேட்டது. அம்மா ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். போனேன். ஜோசியர் பையனுடைய கட்டத்தைப் பார்த்துவிட்டு, எட்டாம் இடத்தைக் காட்டி, அற்பாயுசு என்றார். நாற்பதைத் தாண்டாது. அவ்வளவுதான். கூடக் குறைய ஏதும் இல்லை. அதற்கு முன் யாருக்கு இப்படிச் சொன்னார், அது நடந்ததா, நடக்காதவை எத்தனை என்று நான் கேட்கவில்லை. ஆபீஸில் ஒரு ரூபாய் வவுச்சருக்கு மூன்று கேள்வி கேட்கிறவன் நான். தட்டில் ஐந்து ரூபாயை வைத்துவிட்டு வந்து, வரன் சரிப்படவில்லை என்று கடிதம் எழுதினேன். பிறகு வந்த வரன்களில் சிலதை அவள் வேண்டாம் என்றாள், சிலதை அவர்கள் வேண்டாம் என்றார்கள். வருஷம் ஓடிவிட்டது.

போன நவம்பரில் பென்ஷன்காரர்களுக்கான உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க பேங்குக்குப் போயிருந்தேன். வரிசையில் எனக்கு இரண்டு ஆளுக்கு முன்னால் நின்றவரை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. கவுண்டரில் பெயரைச் சொன்னார்கள். அவரேதான். தலை முழுக்க வெளுத்திருந்தது, கைத்தடி கிடையாது. கருவியில் கட்டை விரலை வைத்தார். முதல் தடவை பதியவில்லை. ஈரத்துணியில் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தார், பதிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறார் என்று கருவி சீட்டு கொடுத்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டித்தான் போனார். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் நான் என்ன பேசியிருப்பேன்.

தங்கையிடம் இதைச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் எழுதி, வழக்கம் போல அவள் மேஜை மேல் வைத்துவிட்டு நடைக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது காகிதங்கள் என் நாற்காலியில் இருந்தன. பதினேழு ஒற்றுப்பிழை. 'மொச்சையளவு' என்பதைச் சேர்த்து எழுதச் சொல்லியிருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு திருத்தம்தான். நான் 1978 என்று எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டு 1979 என்று போட்டிருந்தாள்.